யோவான் 21: பேதுருவுக்கு மன்னிப்பு எப்போது கிடைத்தது?

வலைகாரன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஞாயிறு வாலிபர் கூட்டத்தில் யோவான் 21:15-17, 40 நிமிஷ வேதபாடம். மூன்று தரம் மறுதலித்த பேதுருவிடம், உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்கிற பகுதி. அங்கே அன்புக்கு வருகிற அகாபே, பிலியோ என்ற இரண்டு கிரேக்கச் சொற்களின் வித்தியாசத்தை மையமாக வைத்துக் குறிப்பு எழுதியிருக்கிறேன். போதுமா? இன்னொன்று: "ஆண்டவர் முழுசா மன்னிச்சிட்டார்னா, பாவத்தில் விழுந்தவங்களை அடுத்த வாரமே பாடல் குழுவில் நிறுத்தலாமா?" என்று கட்டாயம் கேட்பார்கள். என்ன சொல்வது?

ஒத்தவாக்கியம்:
அகாபேயை மையமாக வைக்காதீர்கள் பிரதர். பிதா குமாரனில் அன்பாயிருப்பதை யோவான் 3:35-ல் அகபாவோ (அகாபேயின் வினைச்சொல்) என்கிறார், 5:20-ல் பிலியோ என்கிறார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறவர் அவர். கிரேக்கம் தெரிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தால் பாடம் அங்கேயே கவிழும். தமிழ் வேதாகமத்திலும் 'அன்பாயிருக்கிறாயா', 'நேசிக்கிறேன்' என்று வித்தியாசம் தெரிவதால் யாராவது கேட்டால் இரண்டு நிமிஷம் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியது கரிநெருப்பு. மூலத்தில் ஆந்த்ராக்கியா என்ற அந்த வார்த்தை புதிய ஏற்பாட்டிலேயே இரண்டு இடத்தில்தான் வருகிறது: 18:18, 21:9. முதல் நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே பேதுரு இயேசுவை மறுதலித்தான். இரண்டாவதின் மேல் மீன் வைத்திருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் இரண்டிடத்திலும் 'கரிநெருப்பு' என்றே இருக்கிறது. இரண்டு பேரை எழுப்பி அடுத்தடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்கள், அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

"இவர்களிலும் அதிகமாய்" என்ற கேள்வி மத்தேயு 26:33-ல் 'எல்லாரும் இடறலடைந்தாலும் நான் இடறலடையேன்' என்று பேதுரு விட்ட சவடாலைத் தொடுகிறது. பதிலில் பேதுரு அந்த ஒப்பீட்டைத் தொடவே இல்லை.

சங்கீதம்51:
மன்னிப்பே கரையில்தான் கிடைத்தது என்று எடுத்தால் பாடம் கோணிவிடும். வாசிக்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: லூக்கா 22:32-ல் விழுமுன்னே அவனுக்காக ஜெபம். மாற்கு 16:7-ல் "பேதுருவினிடத்திற்கும்" என்று பேர் சொல்லிச் செய்தி. லூக்கா 24:34-ல் சீமோனுக்குத் தரிசனம். அங்கே என்ன பேசினார்கள் என்று ஒரு வரியும் இல்லை, நாமும் கற்பனை பண்ணிப் பிரசங்கிக்க வேண்டாம். அதற்கப்புறம்தான் யோவான் 21. மற்ற ஆறு பேரும் வந்திருந்த கரையில் ஊழியத்தைத் திரும்ப ஒப்படைக்கிறார்.

பாடல் குழுக் கேள்விக்கு 2 சாமுவேல் 12. பத்சேபாள் விஷயத்தில் பாவம் செய்த தாவீது 13-ம் வசனத்தில் அறிக்கையிடுகிறான், அதே வசனத்தில் மன்னிப்பும் வந்துவிடுகிறது. விளைவுகள் மட்டும் நிற்கின்றன. அவற்றைக் காட்டி மன்னிப்பு பாதிதான் என்று பேசுவது சபைகளில் வழக்கமாக நடக்கிற தப்பு. கலாத்தியர் 6:1-ல் 'சீர்பொருந்தப்பண்ணுங்கள்' என்பதும் மாற்கு 1:19-ல் வலைகளைப் பழுதுபார்ப்பதும் மூலத்தில் ஒரே வினைச்சொல், கதார்த்திசோ. கிழிந்த வலையைத் தைக்காமல் கடலில் இறக்கினால் இன்னும் கிழியும். எத்தனை வாரம் என்று வசனம் கணக்குக் கொடுக்கவில்லை. இழுத்தடிப்பதும் ஆபத்து: 2 கொரிந்தியர் 2:7-ல் சபை தண்டித்தவன் துக்கத்தில் அமிழ்ந்துபோவான் என்று பவுலே பயப்படுகிறார்.

வலைகாரன்:
நன்றி, குறிப்பை மாற்றுகிறேன். இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசும் மனஸ்தாபப்பட்டானே, அவனுக்கும் பேதுருவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால்?

ஒத்தவாக்கியம்:
மத்தேயு 27:3-4. அவன் போனது ஆசாரியரிடம். "அது உன் பாடு" என்று கைகழுவிவிட்டார்கள். பேதுருவோ, கரையில் நிற்பவர் யாரென்று தெரிந்ததும் படகு சேரும்வரை பொறுக்காமல் இருநூறு முழம் இருக்கும்போதே கடலில் குதித்தான், 21:7-8.