ஏறுசாய்வு, இறங்குசாய்வு: ஓட்டப் பாதையின் மேட்டை அளக்கும் சொல் குறித்து

அன்புடையீர், வணக்கம்.

ஓட்டப் பாதையில் வரும் மேட்டின் கடுமையைக் குறிக்கும் அளவுக்குச் 'செங்குத்து வீதம்' என்ற சொல் நம் குழுவின் இந்தக் கலைச்சொல் உரையாடல் இழையில் முன்வைக்கப்பட்டது. அதை ஏற்க எனக்குள்ள தயக்கம் அந்த அளவைக் கணக்கிடும் முறையிலிருந்தே எழுகிறது. பாதை உயரும் மீட்டர்களைக் கிடைமட்டத் தொலைவால் வகுத்து 100-ஆல் பெருக்குகிறோம். 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயர்ந்தால் 10 விழுக்காடு. அது ஏறத்தாழ 5.7 பாகைதான். 100 மீட்டருக்கு 100 மீட்டர் உயரும் பாதை 100 விழுக்காடு என்றாலும் அதன் கோணம் 45 பாகையே. உண்மையான செங்குத்தில் வகுப்பதற்குக் கிடைமட்டத் தொலைவே இராது என்பதால் அங்கே இந்த அளவுக்குப் பொருளே இல்லை. இந்நிலையில் 'செங்குத்து' என்பதைப் பெயரிலேயே வைத்தால், 100 விழுக்காடு என்றவுடன் சுவர்போல் நிற்கும் பாறையைத்தான் படிப்பவர் நினைத்துக்கொள்வார்.

'சரிவு' பலருக்கும் முதலில் தோன்றும் சொல். ஆனால் விலைச் சரிவு, மண்சரிவு என்று அது கீழ்நோக்கியே பழகிவிட்டது. மூச்சிரைக்க ஏறும் ஒருவரிடம் '12 விழுக்காடு சரிவு' என்றால் குழப்பமே மிஞ்சும். கட்டடத் தொழிலாளர்கள் தண்ணீர் வடிவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் 'வாட்டம்' எனக்கு மிகவும் பிடித்த சொல், உயிருள்ள சொல்லும்கூட. எனினும் அது நீரோட்டத்துக்கான மெல்லிய இறக்கத்தோடு பிணைந்திருப்பதால் மலைப்பாதைக்குப் பொருந்தி வரவில்லை.

ஆகவே 'சாய்வு' என்பதையே அடிச்சொல்லாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. தமிழ்நாட்டுக் கணிதப் பாடநூலில் நேர்கோட்டின் சாய்வு என்று மாணவர் கற்பது இதே விகிதத்தைத்தான். இலங்கைப் பாடநூல்கள் அதைப் 'படித்திறன்' என்கின்றன. கணிதத்தில் அது நிலைத்திருக்கட்டும், ஆனால் ஓடுகிறவர் வாயில் 'திறன்' தம்முடைய ஆற்றலைக் குறிப்பதாக மயங்கக்கூடும். கோணத்தைச் சொல்ல நேரும் இடத்தில் 'சாய்வுக் கோணம்' என்று தனியே குறித்தால் பாகையும் விழுக்காடும் கலந்துவிடா.

திசையையும் சொல் காட்ட வேண்டும். 2002-இல் உடலியங்கியல் ஆய்வாளர் மினெட்டியின் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ஓடும்போது ஒரு மீட்டருக்குச் செலவாகும் ஆற்றல் சமதளத்தைவிட இறக்கத்தில் குறைந்துகொண்டே சென்று, ஏறத்தாழ 20 விழுக்காடு இறக்கத்தில் மிகக் குறைவாகி, அதைவிடக் கடுமையான இறக்கத்தில் மீண்டும் கூடியது. ஒரே எண்ணுக்கு முன் கூட்டல் குறி இருக்கிறதா கழித்தல் குறி இருக்கிறதா என்பதைப் பொறுத்து உடல்படும் பாடு இவ்வளவு மாறுவதால், ஏறுவரிசை, இறங்குவரிசை என்று நாம் ஏற்கெனவே வழங்கிவரும் வழியில் 'ஏறுசாய்வு', 'இறங்குசாய்வு' என்ற இரு சொற்களை முன்மொழிகிறேன். இவை வினைத்தொகைகள் ஆதலால் இடையில் வல்லினம் மிகாது; 'ஏறுச்சாய்வு' என்று எழுதுவது பிழை.

'ஏற்றம்' என்பதை இவற்றோடு சேர்க்காமல், மீட்டரில் சொல்லும் உயரத்துக்கென்றே ஒதுக்கிவிடலாம். ஏறிய உயரங்களை மட்டும் கூட்டினால் 'மொத்த ஏற்றம்'. முடிவிடத்தின் உயரத்திலிருந்து தொடக்கத்தின் உயரத்தைக் கழித்தால் 'நிகர ஏற்றம்'. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பாதையில் நிகர ஏற்றம் சுழியாகும், கால்கள் பட்ட பாடு சுழியாகாது.

வரையறை எழுதும்போது ஒன்றை விட்டுவிடக் கூடாது: எந்த நீளத்துக்குக் கணக்கிட்ட சாய்வு என்பது. 5 கிலோமீட்டர் பாதையில் 4 கிலோமீட்டர் சமதளமாகவும் ஒரு கிலோமீட்டர் மட்டும் 80 மீட்டர் உயர்வதாகவும் இருந்தால் சராசரி ஏறுசாய்வு 1.6 விழுக்காடு, அந்த மேட்டிலோ 8 விழுக்காடு. மாறாக, நீளத்தை மிகவும் குறுக்கினாலும் எண் கெட்டுவிடும். ஓடுகிறவர்கள் அணியும் மின்னணுக் கைக்கடிகாரம் உயரத்தைக் காற்றழுத்தத்தைக் கொண்டோ செயற்கைக்கோள் குறிகைகளைக் கொண்டோ கணிக்கிறது. அதில் ஒரு மீட்டர் பிழை நேர்ந்தால் 100 மீட்டர் நீளத்தில் சாய்வு ஒரு விழுக்காடுதான் மாறும், 5 மீட்டர் நீளத்திலோ இல்லாத மேடு 20 விழுக்காடாகத் தோன்றும். எனவே 'உச்சச் சாய்வு' என்று ஓர் எண்ணைத் தரும் எவரும் அதன் பக்கத்திலேயே நீளத்தையும் தர வேண்டும். அந்த நீளத்துக்கு 'அளவீட்டு நீளம்' என்ற பெயர் போதுமா, இதைவிடச் சுருக்கமான சொல் உண்டா என்பதை உறுப்பினர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.