என்ஐசியூவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் எப்படி அனுப்புவது?

கேள்வி (கொரோனா காலத்தில் வந்தது): பெங்களூரு. 31 வாரத்தில் பிறந்த குழந்தை. கொரோனா கெடுபிடி, அம்மாவை உள்ளே விடுவதில்லை. பால் எடுத்து அனுப்பும் முறை சொல்லுங்களேன்.

பதில்: ராத்திரியும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 தடவையாவது பீய்ச்சணும்; இடைவெளி கூடினா சுரப்பு குறையும். முதல் ரெண்டு மூணு நாள் சீம்பால் சொட்டுச் சொட்டாத்தான் வரும், பயப்படாதீங்க. பம்ப் போட்டா பாதி அதிலேயே ஒட்டிக்கும். கையால எடுத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சுங்க. ஒவ்வொரு துளியும் முக்கியம்.

பதில்: ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காதீங்க, திறக்கத் திறக்கச் சூடேறும். உள்தட்டின் பின்பக்கம் வையுங்க. பெயர், தேதி, மணி எழுதி ஒட்டணும். பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் மாட்டினாலும் தாங்குற மாதிரி ஐஸ் பேக்கோட பெட்டியில் அனுப்புங்க.

பதில்: அம்மாவுக்கே கொரோனா பாசிட்டிவ்னாலும் தாய்ப்பால் கொடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிடுச்சு. மாஸ்க், சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவல், இரண்டும் கட்டாயம்.