மறு: சூட்டில் ஸ்டார்ட் ஆகாத பழைய கார் – ஆவிப்பூட்டா, ஆவியடைப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சூட்டில் கார் ஸ்டார்ட் ஆகாத தொல்லைக்கும் அதன் காரணங்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடி நாலு நாளாக ஓடும் இழையை இன்றுதான் ஒரே மூச்சில் படித்தேன். நான் பிடித்துத் தொங்கப்போவது இந்த இரண்டு வரிகளை:

> வேப்பர் லாக் என்பதற்கு "ஆவிப்பூட்டு" என்று வைக்கலாம்.

> எதற்கு வம்பு? "வெந்நிலைத் துவக்க இடர்ப்பாடு" என்று பொதுவாகச் சொல்லிவிடுவோம்.

இரண்டாவதைச் சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் ஆறி வண்டி தானே கிளம்பிவிடும். ஆனாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அது வெளியே தெரியும் தொல்லைக்கு வைத்த பெயர். ஆவிப்பூட்டு உள்ளே இருக்கும் காரணத்துக்கு, அதாவது பெட்ரோல் ஆவியாகித் தன் வழியைத் தானே மறிப்பதற்கு, வைத்த பெயர். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் இழை இன்னும் நாலு நாள் ஓடும்.

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. காலையில் சோக்கை இழுத்து ஒரு செல்ஃப் அடித்தால் போதும், பிடித்துக்கொள்ளும். வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓட்டி, டீக்கடையில் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து வந்தால் செல்ஃப் சுற்றும், வண்டி பிடிக்காது. அப்புறம் முக்கால் மணி நேரம் மரத்தடியில் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பும். பட்டறையில் கேட்டால் "ஏர் லாக் சார்" என்று முடித்துவிடுவார்கள். உள்ளே இருப்பது காற்றே இல்லை, பெட்ரோலின் ஆவி. சரி, அது அவர்கள் வழக்கு.

நடப்பது இதுதான். ஓடும்போது ஃபேனும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை வெளியே கொண்டுபோய்க்கொண்டே இருக்கின்றன. சாவியைத் திருப்பியதும் இரண்டும் நின்றுவிடுகின்றன. எஞ்சின் பிளாக்கிலும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டிலும் (புகை வெளியேறும் குழாய்) தேங்கிய சூட்டுக்கு வேறு போக்கிடம் இல்லை. பானட்டுக்கு அடியில் ஏறி, பெட்ரோல் பம்பையும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையும் காய்ச்சுகிறது. வண்டி ஓடியபோது இருந்ததைவிட, நிறுத்திப் பத்து இருபது நிமிடம் ஆன பிறகுதான் கார்புரேட்டர் அதிகமாகச் சுடும். அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சிசி எஞ்சினை நினைத்துப் பாருங்கள். உறிஞ்சும் வழியும் புகை வழியும் ஒரே பக்கம். கார்புரேட்டர் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்த பாத்திரம் மாதிரி.

இந்த நிலைக்கு "வெப்ப ஊறல்" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஹீட் சோக் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியது. தமிழில் ஊறுவதற்கு ஈரம் வேண்டும். மாவடு ஊறும், கிணறு ஊறும், இரும்பு ஊறாது. காற்று நின்றுபோய், வெயில் இறங்கிய பிறகும் அறைக்குள் வெந்துகொண்டிருப்போமே, அதை என்ன சொல்கிறோம்? புழுக்கம். ஃபேன் நின்றால் புழுக்கம். வீட்டுக்கும் அதுதான், எஞ்சினுக்கும் அதுதான். "எஞ்சின் புழுக்கம்" என்றால் பட்டறைப் பையனுக்கும் விளக்கவுரை வேண்டாம்.

அந்தப் புழுக்கத்திலிருந்து இரண்டு கோளாறுகள் கிளைக்கின்றன. இந்த இழையில் எல்லோரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறோம்.

முதலாவது பம்பில். பெட்ரோல் ஒரே திரவம் இல்லை, பலவற்றின் கலவை. அதன் லேசான பங்கு 35–40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். எஞ்சினோடு ஒட்டிய பழைய பம்ப், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, ஆகவே கொதிப்பது இன்னும் எளிது. குமிழி சேர்ந்துவிட்டால் பம்பின் டயஃப்ரம் (மேலும் கீழும் அசையும் சவ்வு) அந்த ஆவியை நசுக்குவதும் விடுவதுமாக இருக்கும். பெட்ரோல் நகராது. (டேங்குக்குள்ளேயே பம்ப் வைத்து அழுத்தித் தள்ளும் இன்றைய வண்டிகளில் இந்தத் தொல்லை அபூர்வம்.) பூட்டு என்றால் யாரோ பூட்ட வேண்டும், சாவி வேண்டும். இங்கே வழி அடைபடுகிறது. மூக்கடைப்பு, மாரடைப்பு, நீரடைப்பு என்று உடம்புக்குச் சொல்லிப் பழகிய நமக்கு ஆவியடைப்பு தானாக வாயில் வருகிறது.

> ஆவியடைப்பு என்றால் மந்திரவாதி பேயைச் சீசாவில் அடைப்பதுபோல் இருக்கிறதே!

சிரித்துவிட்டேன். ஆனால் இட்லியை ஆவியில்தான் வேகவைக்கிறோம், யாரும் பயப்படுவதில்லை.

இரண்டாவது கார்புரேட்டரில். மிதவை அறையில் தேங்கிய பெட்ரோல் கொதித்து, ஜெட் என்ற சிறு துளை வழியாக எஞ்சினின் உறிஞ்சும் வழிக்குள் வழிந்துவிடுகிறது. இங்கே பெட்ரோல் போதாமை இல்லை, அளவுக்கு மிஞ்சிய பெட்ரோல். ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் பெர்கலேஷன், காபி வடிக்கும் பாத்திரத்தை நினைவூட்டும் சொல். நமக்கு அடுப்பில் பால் இருக்கிறது: பொங்குவழிவு. "பொங்கல்" போதும் என்றவருக்கு: தை மாதத்தில் பட்டறைக்குப் போய் "கார்புரேட்டரில் பொங்கல்" என்று சொல்லிப் பாருங்கள்.

பிரித்துச் சொல்ல வேண்டிய காரணம் மருத்துவத்தில் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஆவியடைப்பு. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொங்குவழிவு. (பக்கத்தில் பீடி வேண்டாம்.) முதலாவதற்குப் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருக்க வேண்டும். இரண்டாவதற்கு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும், காற்று உள்ளே போய் மிகையான பெட்ரோலை வெளியேற்றும். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் பாயும், தொல்லை கூடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நனைந்த எஞ்சின்காரர் பம்புக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

எத்தனால் கலந்த பெட்ரோலால் இந்தத் தொல்லை கூடுமா என்ற கேள்விக்கு: எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும். ஆனால் பெட்ரோலில் 10 சதவீதம் கலந்தால் அந்தக் கலவை வெறும் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும். பழைய கார்க்காரர்களின் புலம்பலில் உண்மை உண்டு.

போர்க்காலத்தில் பெட்ரோலுக்குத் தடை இருந்ததைப் பற்றி யாழ்ப்பாண நண்பர் எழுதியதை மறக்க முடியவில்லை:

> எங்கட பக்கம் தடை இருந்த காலத்தில கார் மண்ணெண்ணெயிலதான் ஓடினது. சூடானாத்தான் எழும்பும், குளிருக்குக் கொஞ்சம் பெட்ரோல் துளி விடவேணும்.

தலைகீழ்க் கதை! மண்ணெண்ணெய் கொதிக்க ஏறக்குறைய 150 டிகிரி தாண்ட வேண்டும், ஆவியடைப்புக்கு அங்கே இடமே இல்லை.

வெளியே தெரியும் தொல்லைக்கு என் பரிந்துரை "சூட்டு முரண்டு". வண்டி முரண்டு பிடிக்கிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம், மாட்டுக்குச் சொன்னதுதான்.

ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பெயர் மாட்டவில்லை. சில வண்டிகளில் பெட்ரோல் சரியாக வரும், பிளக்கில் பொறி மட்டும் இருக்காது. பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் (coil) சூடேறச் சூடேற அதன் செம்புச் சுருளின் மின்தடை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 4 சதவீதம் கூடுகிறது. உள்ளே பழுதிருந்தால் சூட்டில்தான் அது முகம் காட்டும், ஆறினால் மறைந்துவிடும். "காயில் அசதி" என்று எழுதி அடித்துவிட்டேன். "சூட்டுச் சோர்வு" என்றால் ஓட்டுநருக்கு வந்ததுபோல் இருக்கிறது. மின்துறை நண்பர்கள் யாராவது கை கொடுங்கள்.

அன்புடன்.