புதுப்பிப்பு: நாற்காலியின் பின்கால்கள் தரையில் நிற்க

முதலில் ஒரு பெட்டியை வரைந்து, அதற்குள் நாற்காலியைச் செதுக்கி எடுக்கலாம் என்று போன பதிவில் எழுதியிருந்தேன். பின்கால்கள் அந்தரத்தில் தொங்குகின்றன என்று பலர் படம் போட்டுக் காட்டினீர்கள். இதற்கு வழி இருக்கிறது.

கால்களை வரையும் முன் தரையில் அவை நிற்கும் நாற்கரத்தை வரையுங்கள். அதன் பக்கங்கள் கண்மட்டக் கோட்டில் (நம் கண் உயரத்தைக் காட்டும் கிடைக்கோடு) உள்ள இரண்டு மறைபுள்ளிகளை (இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தெரியும் இடங்கள்) நோக்கி ஓட வேண்டும். நான்கு மூலைகளிலும் நான்கு கால்கள். இருக்கை மறைக்கும் கோடுகளையும் லேசாகப் போட்டுவிடுங்கள், அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

இருக்கையின் உயரம்? சாப்பாட்டு மேசை நாற்காலியில் அது சுமார் 45 செ.மீ., முதுகோடு சேர்த்து 90. எனவே பெட்டியின் மிக அருகிலுள்ள செங்குத்து விளிம்பில் சரிபாதியைக் குறித்து, அங்கிருந்து இரு மறைபுள்ளிகளுக்கும் கோடு இழுங்கள். முதுகின் நடுச்சட்டத்துக்கு ஸ்கேலால் அளக்க வேண்டாம். முதுகின் மூலைவிட்டங்கள் வெட்டும் இடம்தான் நடு. தூரத்துப் பாதி குறுகித் தெரியும், அதுவே சரி.

மறைபுள்ளிகள் தாளுக்குள் நெருங்கி இருந்தால் நாற்காலி கோணிக்கொள்ளும். பக்கத்தில் செய்தித்தாளை ஒட்டி, புள்ளிகளை அதில் வையுங்கள். இந்த ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்து பாருங்கள், படமே மாறிவிடும்.

வட்ட ஸ்டூல் கேட்டவர்களுக்கு: இருக்கை நீள்வட்டம்தான், ஓரங்கள் கூராகக் கூடாது. கீழே கால்களை இணைக்கும் வளையம் கண்மட்டத்திலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால், அதை இருக்கையைவிடச் சற்று அகலத் திறந்த நீள்வட்டமாக வரையுங்கள்.