மறு: வெப்பநோக்கி, இரவுநோக்கி – தொலைவுக்கு மூன்று சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பேரையூர்ப் பக்கம் மக்காச்சோளக் காட்டில் இறங்கும் காட்டுப்பன்றிகளைப் பற்றி நம் குழுவில் தொடங்கிய இழை, துப்பாக்கி மேல் மாட்டும் கருவிகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இழையாகிவிட்டது. எனக்கு அதுவும் வசதிதான், நான் எழுதிக்கொண்டிருக்கும் விளக்கக் குறிப்புக்கு இந்தச் சொற்கள் தேவை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு சொன்ன ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் திரியும் பன்றியைத் தொடக்கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை என்றால் பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். அதற்கும் அப்பால் வந்தால்தான் சுடலாம், அதுவும் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் மட்டும். விவசாயி சுட முடியாது. ஆனாலும் ராத்திரி காவல் கிடப்பவர் அவர்தானே, கருவி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

> ‘இரவுநோக்கி’ என்று ஒரே சொல்லாக வைத்துவிடலாமே? கடைக்காரரும் எல்லாவற்றையும் நைட் விஷன் என்றுதான் சொல்கிறார்.

சொல்கிறார், குழப்பமே அங்கேதான் தொடங்குகிறது. அந்த ஒரு பேரில் மூன்று வகை விற்கிறது. நிலா வெளிச்சம், நட்சத்திர வெளிச்சம் இவற்றை வாங்கி, எலெக்ட்ரான்களாக மாற்றிப் பெருக்கி, பாஸ்பர் திரையில் பச்சையாகவோ வெள்ளையாகவோ காட்டுவது ஒன்று. கேமராவில் இருப்பது போன்ற சென்சாரை வைத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கை அடித்துப் பார்ப்பது இரண்டாவது. மூன்றாவதுதான் தெர்மல். அதற்கு வெளிச்சமே வேண்டாம், பொருளின் உடம்பிலிருந்து வரும் 8 முதல் 14 மைக்ரான் வரையிலான கதிரைப் படமாக்குகிறது. பட்டப்பகலிலும் வேலை செய்யும் அதைப் போய் ‘இரவுநோக்கி’ என்றால் எப்படி?

தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் தெர்மலுக்கு ‘வெப்பநோக்கி’ தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ‘வெப்பமானி’ வேண்டாம், அது காய்ச்சல் பார்க்கிற சாமான்.

> முதல் வகைக்கு ‘ஒளிபெருக்கி நோக்கி’ எப்படி?

எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் அதைச் சொல்லிப் பாருங்கள். ளகரமும் லகரமும் ஒன்றாகிவிடும் வாயில் அது ‘ஒலிபெருக்கி’ ஆகி, கேட்பவர் மாரியம்மன் கோயில் மைக்செட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்றுதான் நினைப்பார். என் பரிந்துரை ‘மங்கொளி நோக்கி’. மங்கலாகவாவது ஒளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை பேரிலேயே வந்துவிடுகிறது. அமாவாசை இரவில் புளியமரத்தடி இருட்டைப் பார்த்தால் அது திணறும், வாங்குகிறவர் அதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இரண்டாவது வகைக்கு ‘அகச்சிவப்பு விளக்கு நோக்கி’ போதும். நீளம்தான், ஆனால் விளக்கு இருக்கிறது என்பதை மறைக்காது. 850 நானோமீட்டர் அலைநீள விளக்கென்றால் எதிரே நிற்பவர் கண்ணுக்கு மங்கிய சிவப்புப் பொட்டு தெரியும். 940 என்றால் தெரியாது, ஆனால் வீச்சு குறையும்.

இனி, நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன்.

> டிடெக்‌ஷன், ரெகக்னிஷன், ஐடென்டிஃபிகேஷன் மூன்றும் கண்டறிதல்தானே? இதற்குப் போய் மூன்று சொல்லா?

வெப்பநோக்கி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது முதல் தொலைவு, ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும் தூரம். வாங்குகிறவர் அதையே மூன்றாவது தொலைவு, அதாவது இன்னதுதான் என்று தெரியும் தூரம் என்று படித்துக்கொள்கிறார். தமிழில் நாமும் மூன்றுக்கும் ‘கண்டறிதல்’ என்று எழுதிவிட்டால் அந்த விளம்பரத்துக்கு ஒத்தாசை செய்தவர்கள் ஆவோம்.

கணக்கு இப்படி. 1958இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் வகுத்த அளவுகோல்தான் இன்றும் அடிப்படை. அதைப் பிக்சலில் சொன்னால், இலக்கின் குறுக்கே 2 பிக்சல் விழுந்தால் ‘ஏதோ ஒன்று இருக்கிறது’ என்று தெரியும். 8 பிக்சல் விழுந்தால் என்ன வகை என்று தெரியும். ஏறத்தாழ 13 பிக்சல் விழுந்தால்தான் இன்னதுதான் என்று சொல்லலாம். 12 மைக்ரான் பிக்சலும் 35 மி.மீ. லென்ஸும் உள்ள ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். 100 மீட்டரில் அதன் ஒரு பிக்சல் சுமார் மூன்றரை செ.மீ. அகலத்தை மூடும். முக்கால் மீட்டர் உயரமுள்ள பன்றி என்றால் முதல் நிலைக்கு 1,090 மீட்டர், இரண்டாவதற்கு 270, மூன்றாவதற்கு 170 மீட்டர்கூட வராது. அட்டைப்பெட்டியில் இருப்பது 1,090!

ஜூம் பண்ணினால் சரியாகிவிடும் என்பார்கள். டிஜிட்டல் ஜூம் இருக்கிற பிக்சலையே பெரிதாக்கிக் காட்டுகிறது, புதிதாக ஒன்றைக்கூடக் கொண்டுவராது. தொலைவைக் கூட்ட வேண்டுமென்றால் பெரிய லென்ஸ் வேண்டும். அந்த லென்ஸ் ஜெர்மானியத்தில் செய்தது, காசெல்லாம் அதில்தான் போகிறது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது. ஜீப்பின் முன்கண்ணாடி வழியாக வெப்பநோக்கியைப் பிடித்தால் ஒன்றும் தெரியாததும் அதனால்தான்.

இந்த வித்தியாசம் காட்டில் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார்கள். கிடைக்குச் சற்றுத் தள்ளி கீதாரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரப்போரம் சுருண்டு கிடக்கிறார். 600 மீட்டரிலிருந்து வெப்பநோக்கியில் அவர் தரையோடு தரையாக ஒரு வெள்ளைத் திட்டு, பன்றியும் அப்படி ஒரு வெள்ளைத் திட்டுதான். கருவி பொய் சொல்லவில்லை. ‘ஏதோ இருக்கிறது’ என்ற அளவில் அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

பேச்சிலே நம் ஆட்கள் இதைப் பிரித்துத்தான் சொல்கிறார்கள். “என்னமோ தென்படுது”, “ஆடுமாடு இல்லப்பா”, “பன்னியேதான்” என்று மூன்று படி. அதை ஒட்டி நான் வைப்பவை: தென்படு தொலைவு, இனந்தெரி தொலைவு, அடையாளத் தொலைவு. முதல் இரண்டும் வினைத்தொகை, இலக்கணக்காரர்கள் அடிக்க வரமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

> மூன்றாவதற்கு ‘உறுதித் தொலைவு’ இன்னும் பொருத்தமாக இருக்குமே. உறுதியானால்தான் சுட வேண்டும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்துவிடும்.

முதலில் எனக்கும் அது பிடித்தது. ஆனால் ஜான்சன் கணக்கே 50 சதவீத வாய்ப்புக்குப் போட்ட கணக்கு. அந்தத் தொலைவில் பார்ப்பவர்களில் பாதிப் பேர் சரியாகச் சொல்வார்கள் என்றுதான் பொருள். பாதிக்குப் பாதி வாய்ப்பை ‘உறுதி’ என்று அழைத்தால், சொல்லை நம்பி ஒருவர் விசையை அழுத்துவார். ‘அடையாளம்’ அவ்வளவு வாக்குக் கொடுப்பதில்லை. குறிப்பில் அடையாளத் தொலைவின் பாதிக்குள் வந்தால் ஒழியக் கை விசைக்குப் போகக்கூடாது என்று எழுதப்போகிறேன். பாதி என்பது விதி ஏதும் அல்ல, என் எச்சரிக்கை.

ஸ்கோப்புக்கு ‘குறிநோக்கி’ என்று முன்பே வந்த பரிந்துரையை அப்படியே ஏற்கிறேன். கையில் பிடித்துப் பார்ப்பது நோக்கி, துப்பாக்கியில் மாட்டுவது குறிநோக்கி. இந்தப் பிரிவை விட்டுவிடாதீர்கள். குறிநோக்கி ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு அதிலேயே காட்டைத் துழாவுபவர், பார்க்கிற எல்லாவற்றின் மீதும் குழாயை நீட்டிக்கொண்டிருக்கிறார், கீதாரி மீதும்தான். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கையில் பிடிக்கும் வெப்பநோக்கியை வாங்கட்டும்.

மிச்சம் இருப்பது ஒன்று. வெப்பநோக்கிப் பெட்டியில் மில்லிகெல்வினில் (ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்லும் NETD அளவுக்கு ‘வெப்ப உணர்திறன்’ என்று ஒரு நண்பர் போட்டிருந்தார். திறன் என்றால் எண் கூடக்கூட நல்லது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே நேர்மாறு: 50 மில்லிகெல்வினைவிட 25 நல்லது. எவ்வளவு சிறிய வெப்ப வேறுபாட்டைக் கருவி பிரித்துக் காட்டும் என்பதுதான் அந்த எண். நம் பக்கத்துக்கு இது முக்கியம். சித்திரை வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த யானைமலை, நாகமலைப் பாறைகள் இருட்டி வெகுநேரம் சூடாகவே கிடக்கும். அந்தச் சூடும் விலங்கின் உடம்புச் சூடும் நெருங்கிவிட்டால் படத்தில் இரண்டும் ஒன்றோடொன்று கரைந்துபோகும், விடியற்காலை ஆனால்தான் பிரியும். ‘உணர்வரம்பு’ என்று நான் யோசித்தேன். வரம்பு குறைவாக இருப்பது நல்லது என்று பொருளோடு ஒட்டிப் போகிறது. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் பாடநூல்களில் அது வேறு எதற்கும் ஏற்கெனவே ஆகியிருக்கிறதா? பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர்கள் குழுவில் இருக்கிறீர்கள், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
திருமங்கலத்திலிருந்து