ஆன்லைனில் வாங்கிய ஃபிளானல் மெலிசாக வந்திருக்கிறது, நீளமும் குறைகிறது: வெட்டலாமா, திருப்பி அனுப்பலாமா?

கோத்தகிரி_தையல்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கிறேன். குளிர் வரப் போகிறது, ஃபிளானல் நைட்டியும் பிள்ளைகளுக்கு பைஜாமா செட்டும் கேட்டு ஆர்டர் சேர்ந்திருக்கிறது. இங்கே கடைகளில் ஃபிளானல் என்றால் இரண்டு மூன்று டிசைன்தான் கிடைக்கும், மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கி ஏறினால் ஒரு நாள் தையல் வேலை போய்விடும், அதனால் ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 12 என்று அளவு போட்டு வாங்கினேன். "பிரஷ்டு காட்டன் ஃபிளானல், 100 சதவீதம் பருத்தி, 160 ஜிஎஸ்எம்" என்று எழுதியிருந்தார்கள். ஒன்று 190 ரூபாய். பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று பக்கத்தில் எங்கேயும் போடவில்லை.

வந்த துணியை ஜன்னல் பக்கம் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரிகிறது. படத்தில் ஒயின் சிவப்பு, கையில் இருப்பது செங்கல் நிறம். டேப் வைத்தால் 10 மீட்டர் 97 சென்டிமீட்டர்தான் வருகிறது, பன்னா 36 இன்ச். விற்பனையாளரிடம் கேட்டால் "கட் பீஸுக்கு ரிட்டர்ன் கிடையாது" என்று ஒரே வரியில் பதில். இன்னும் தண்ணீரில் நனைக்கவில்லை, கத்தரி வைக்கவில்லை. இதை வைத்து எப்படியாவது தைத்துவிடலாமா, இல்லை சண்டை போட்டுப் பார்க்கலாமா? அடுத்த தடவை ஏமாறாமல் வாங்க என்ன கேட்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குன்னூர்_டெய்லர்:

நனைக்காமல் வைத்திருக்கிறீர்களே, அது போதும் அக்கா. நனைத்தாலோ வெட்டினாலோ "பயன்படுத்திய துணி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படியே மடித்து வையுங்கள், வந்த கவரையும் அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் தூக்கிப் போடாதீர்கள்.

10 மீட்டர் 97 சென்டிமீட்டர் என்பது வெட்டும்போது கை தவறிக் குறைந்த அளவு இல்லை. ஒரு கெஜம், அதாவது ஒரு யார்ட், 91.44 சென்டிமீட்டர், 12 கெஜம் போட்டால் சரியாக 10.97 மீட்டர். அவர்கள் உங்களுக்குக் கெஜக் கணக்கில் விற்றிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை இன்னொரு முறை கீழே வரை இறக்கிப் பாருங்கள், எங்காவது சின்ன எழுத்தில் யார்ட் என்று இருக்கும்.

கோத்தகிரி_தையல்:

இருக்கிறது அண்ணா! மேலே "1 யூனிட்" என்றுதான் இருக்கிறது, கடைசியில் "விவரங்கள்" என்பதைத் திறந்தால் உள்ளே யூனிட் என்றால் 1 யார்ட் என்று போட்டிருக்கிறார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன். அப்போ அவர்கள் பக்கம் சரி ஆகிவிடுமா?

ஈரோடு_ஜவுளி:

ஆகாது. நான் ஊட்டிக்காரன், இப்போது ஈரோட்டில் ஜவுளிக் கடையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நம் நாட்டில் துணியை மீட்டரில்தான் விலை சொல்லி விற்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. கெஜத்தில் விற்பதே ஒரு புகார், அதை மறைத்து விற்பது இன்னொரு புகார்.

அதைவிட முக்கியமானது எடை. 160 ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி 160 கிராம் இருக்க வேண்டும். இதை வீட்டிலேயே பார்த்துவிடலாம், பக்கத்து மளிகைக் கடைத் தராசு போதும். மொத்தத் துணியையும் கவர் இல்லாமல் எடை போடுங்கள். உங்கள் துணி 10.97 மீட்டர் நீளம், 36 இன்ச் என்றால் 0.914 மீட்டர் அகலம், பெருக்கினால் ஏறத்தாழ 10 சதுர மீட்டர். எனவே எத்தனை கிராம் வருகிறதோ அதைப் பத்தால் வகுத்தால் ஜிஎஸ்எம் கிடைத்துவிடும். 1,600 கிராம் வந்தால் அவர்கள் சொன்னது உண்மை. குறைந்தால் போட்டோ எடுங்கள், தராசின் எண்ணும் துணியும் ஒரே படத்தில் இருக்கட்டும்.

அடுத்தது நூல். வெட்டிய முனையில் நீளவாக்கில் ஒரு பாவு நூல், குறுக்குவாக்கில் ஒரு ஊடை நூல், இரண்டையும் உருவுங்கள், இதற்குத் துணியை வெட்டத் தேவையில்லை. ஸ்டீல் தட்டில் கொஞ்சம் தண்ணீர் வைத்து, இடுக்கியில் பிடித்து ஒவ்வொன்றாகக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் மாதிரி எரியும், சாம்பல் விரலில் பட்டால் பொடியாகும். பாலியஸ்டர் நெருப்பைக் கண்டதும் சுருங்கும், உருகிக் கருப்பாகக் கெட்டி உருண்டையாக நிற்கும். இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பதில் வந்ததும் சொல்கிறேன்.

கூடலூர்_அம்மா:

இவ்வளவு தொல்லை எதற்கும்மா, கையால் தொட்டுப் பார்த்து வாங்குகிற மாதிரி வருமா? கோவையில் வாங்கிவிடு.

குன்னூர்_டெய்லர்:

தொட்டு வாங்குவது நல்லதுதான் அம்மா, யாரும் மறுக்கவில்லை. ஆனால் மூன்று நைட்டிக்குத் துணி எடுக்க மலை இறங்கினால் பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும் அந்த நைட்டி மேல்தான் ஏறும். வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கு ஆன்லைன் பெரிய உதவி. தொட முடியாத குறையைக் கேள்வி கேட்டுத்தான் ஈடு செய்ய வேண்டும்.

கோத்தகிரி_தையல்:

எடை பார்த்தேன். 1 கிலோ 100 கிராம். அப்படியென்றால் 110 ஜிஎஸ்எம்தானே? நூலையும் பார்த்தேன் அண்ணா, ஊடை நூல் காகிதம் மாதிரி எரிந்து பொடியானது, பாவு நூல் உருகி உருண்டையாகிவிட்டது. மேலே தடவினால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, எப்படி இப்படி?

ஈரோடு_ஜவுளி:

அதற்காகத்தான் தனித்தனியாகப் பார்க்கச் சொன்னேன். ஃபிளானலில் முள் உருளை வைத்துச் சுரண்டிப் பஞ்சு எழுப்புவது பெரும்பாலும் ஊடை நூலில்தான். ஊடையைப் பருத்தியாகவும் பாவைப் பாலியஸ்டராகவும் போட்டுவிட்டால் தொடும் கைக்குப் பருத்தி மாதிரியே இருக்கும். 110 என்பது சாதாரண பாப்ளின் துணியின் எடை, அதைச் சுரண்டி மெத்தென்று ஆக்கிக் குளிருக்கு ஏற்றது என்று விற்றிருக்கிறார்கள்.

கலப்புத் துணியே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் மழையில் கலப்புத் துணி சீக்கிரம் காயும், அதற்காகவே கேட்டு வாங்குபவர்கள் உண்டு. 100 சதவீதம் பருத்தி என்று எழுதிக் கலப்பை அனுப்புவதுதான் தப்பு.

இப்போது உங்களிடம் நான்கு ஆதாரம் இருக்கிறது: கெஜக் கணக்கு, எடை, நூல், நிறம். நிறத்தைக் கடைசியில் வையுங்கள், "ஸ்கிரீனில் மாறும்" என்று தப்பித்துக்கொள்வார்கள். எடையையும் நூலையும் முன்னால் வையுங்கள். 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின் வணிக) விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பனையாளர் மறுக்க முடியாது. கட் பீஸுக்கு ரிட்டர்ன் இல்லை என்ற பேச்சு, சரியான துணியை அனுப்பி வாங்கியவருக்கு மனசு மாறினால் மட்டும்தான் செல்லும். விற்பனையாளரோடு சாட்டில் மாரடிக்க வேண்டாம், அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

ஊட்டி_பூவேலை:

இடையில் வருகிறேன். தோடர் எம்பிராய்டரி செய்யும் அக்காக்களுக்கு நான் துணி வாங்கிக் கொடுப்பதுண்டு. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது, துணியில் கோடு எதுவும் வரையாமல் நூலை எண்ணி எண்ணியே சிவப்பும் கருப்பும் போடுவார்கள். பாவும் ஊடையும் ஒரே அடர்த்தியில் இல்லாவிட்டால் பூ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். அதனால் புதிய விற்பனையாளர் யாராக இருந்தாலும் துணி மேல் ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் ஒரு படம் கேட்பேன், ஒரு இன்ச்சில் எத்தனை நூல் என்று நானே எண்ணிக்கொள்வேன். ஃபிளானலில் பஞ்சு மறைக்கும், ஆனாலும் பின்பக்கப் படத்தில் நெசவு எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்துவிடும். நிறத்துக்கு, பகல் வெளிச்சத்தில் ஜன்னல் ஓரம் வைத்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளோடு படம் கேளுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் துணி நிறமும் மாறித்தான் தெரியும். உங்கள் போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் வெளிச்சம் போட்டிருந்தால் அதையும் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

குன்னூர்_டெய்லர்:

நல்ல யோசனை. விலையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 190 ரூபாய் மலிவு மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு கெஜ நீளம், 36 இன்ச் பன்னா என்றால் உங்களுக்குக் கிடைப்பது 0.836 சதுர மீட்டர், கணக்குப் போட்டால் சதுர மீட்டர் 227 ரூபாய். அதுவே 44 இன்ச் பன்னாவில் மீட்டர் 230 ரூபாய் என்று ஒருவர் சொன்னால் சதுர மீட்டர் 206 ரூபாய்தான். பார்க்க அதிகமாகத் தெரிவதுதான் குறைந்த விலை. அதோடு 36 பன்னாவில் பெரிய சைஸ் நைட்டிக்குக் கை தனியாக ஒட்டு வரும், துணி இன்னும் இழுக்கும். பன்னா சொல்லாத பக்கத்தில் காசு கட்டவே கட்டாதீர்கள்.

பருத்தி ஃபிளானல் முதல் நனைப்பில் சுருங்கும், நீளத்தில் 5 சதவீதமாவது போகும், அதற்கு மேலும் போகலாம். நான் பத்து சதவீதம் சேர்த்துத்தான் வாங்குவேன். ஒரே டிசைனில் பல செட் தைப்பதாக இருந்தால் மொத்தத்தையும் ஒரே தடவையில் ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். பிறகு அரை மீட்டர் பத்தவில்லை என்று மறுபடி வாங்கினால் அடுத்த சாயத் தொட்டியில் நிறம் ஒரு பொட்டாவது மாறியிருக்கும், சட்டைக்கும் கால்சட்டைக்கும் சேராது.

கூடலூர்_அம்மா:

சரி, நீங்கள் சொல்வது புரிகிறது. நானும் ஒன்று சொல்கிறேன். பிள்ளைகளுக்கு ஃபிளானல் தைத்தால் தொளதொளவென்று தைக்காதே கண்ணு. நம் வீடுகளில் குளிர் நாளில் கரி அடுப்பு, ஹீட்டர் பக்கம்தான் பிள்ளைகள் உட்காரும், இந்தப் பஞ்சு எழுப்பிய துணியில் பொறி பட்டால் மேலே சட்டென்று ஓடும். கலப்பு என்றால் உருகித் தோலில் ஒட்டும், அது இன்னும் கொடுமை. கையும் காலும் பிடிப்பாக இருக்கட்டும், நாடா தொங்க விடாதே.

இன்னொன்று, இனி வாங்கும் துணியைக் கவரோடு பீரோவில் வைக்காதே. கஞ்சி போட்ட துணி நம் ஈரக் காற்றில் கருப்புப் புள்ளி பிடித்துவிடும். ஐப்பசி கார்த்திகை மழையில் மொத்தத்தையும் ஒரே நாளில் நனைத்தால் காயவே காயாது, வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்து நாலு மீட்டர் நாலு மீட்டராக நனை.

கோத்தகிரி_தையல்:

அம்மா, அண்ணா, அக்கா எல்லோருக்கும் நன்றி. பிடிப்பாகத் தைப்பதை ஆர்டர் கொடுத்தவர்களிடமும் சொல்லிவிட்டேன், ஒத்துக்கொண்டார்கள். குறைதீர்ப்பு அதிகாரிக்கு எடைப் படம், ஸ்கிரீன்ஷாட், நூல் எரித்த வீடியோ எல்லாம் வைத்து மெயில் போட்டேன். இன்று பதில் வந்திருக்கிறது: பணம் முழுவதும் திருப்பித் தருகிறோம், ஆனால் உங்கள் பின்கோடில் வந்து எடுக்கும் வசதி இல்லை, நீங்களே அனுப்புங்கள் என்கிறார்கள். அனுப்பலாமா? இதற்கிடையில் வேறு துணிக்கு எங்கே கேட்பது?

ஈரோடு_ஜவுளி:

அனுப்புங்கள், ஆனால் அனுப்பும் செலவை அவர்களே தருவதாக மெயிலில் எழுதி வாங்கிவிட்டு அனுப்புங்கள். தபால் ஆபீசில் ஸ்பீட் போஸ்ட் போடுங்கள், எடை போட்ட ரசீது உங்களுக்கு இன்னொரு ஆதாரம். கட்டும்போது துணியைக் காட்டி ஒரு வீடியோ.

புதுத் துணிக்கு, ஈரோட்டில் திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை ஜவுளிச் சந்தை நடக்கும், அன்றைக்குப் போன் போட்டால் யாரும் நின்று பேச மாட்டார்கள். புதன், வியாழனில் கேளுங்கள். அனுப்ப வேண்டிய செய்தி இதுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: "பருத்தி ஃபிளானல் 14 மீட்டர், மீட்டர் கணக்கில், பன்னா 44க்குக் குறையாமல், 160 ஜிஎஸ்எம், பாவும் ஊடையும் பருத்தி, ஒரே லாட். பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் பின்பக்கம் படம் அனுப்புங்கள். கையளவு சாம்பிள் தபாலில் வேண்டும், அதற்குக் காசு தருகிறேன்." சாம்பிள் வந்தால் ஓரத்தைப் பேனாவால் வரைந்து அளவு குறித்துவிட்டு வெந்நீரில் போட்டுக் காயவிட்டு மறுபடி அளந்து பாருங்கள், சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியில் தேய்த்தும் பாருங்கள். சாம்பிள் தர மறுப்பவரிடம் 14 மீட்டர் வாங்க வேண்டாம், இரண்டு மீட்டர் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.