ஐசியூவில் நேரடி இசை: அலாரம் யார் காதில் விழும்?

நைட்_டூட்டி: நேற்று வேறொரு இழையில் கச்சேரிப்பிரியன், “ஐசியூவில் நேரடி இசையை வேண்டாம் என்று சொல்லும் நர்ஸ் இருக்கவே முடியாது” என்று எழுதியிருந்தார். இருக்கிறேன் சார், நான்தான். எங்கள் யூனிட்டுக்கு ஒரு நாள் மாலை வயலின்காரர் ஒருவரை அழைத்து வந்தார்கள். நன்றாகத்தான் வாசித்தார். அந்த நேரத்தில் கோடி பெட்டில், பிபியைத் தாங்கிப் பிடிக்கிற நாரட்ரினலின் மருந்து சிரிஞ்ச் தீரப்போகிறது என்று, மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப் கத்தியிருக்கிறது. எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. மானிட்டரில் பிபி சரிவதைப் பார்த்துத்தான் ஓடினோம். அலாரம் கேட்காவிட்டால் யார் பொறுப்பு?

கச்சேரிப்பிரியன்: ஒரே ஒரு சம்பவத்தை வைத்து மொத்த இசையையும் தூக்கில் போடாதீர்கள். 2013ல் அமெரிக்காவில், மினியாபொலிஸ் பகுதி ஐசியூக்களில் வென்டிலேட்டரில் இருந்த 373 நோயாளிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். இசை கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, மயக்க மருந்தின் தேவையும் குறைந்தது. நடத்தியவர் லிண்டா க்லான், அவரும் நர்ஸிங் துறைக்காரர்தான். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

நைட்_டூட்டி: நீங்கள் அதைப் படித்திருந்தால் இங்கே கொண்டுவந்திருக்க மாட்டீர்கள். அது ஹெட்ஃபோன். பதிவு செய்த இசையை நோயாளி தனக்கு வேண்டும்போது போட்டுக் கேட்டார், வேண்டாதபோது கழற்றி வைத்தார். நர்ஸின் காது திறந்தே இருந்தது. அலாரம் கேட்டது. நான் கேட்பதும் அதைத்தான்.

கச்சேரிப்பிரியன்: சரி, நியூயார்க் கிட்டார் கலைஞர் ஆண்ட்ரூ ஷுல்மனை என்ன செய்வீர்கள்? 2009ல் ஐசியூவில் கிடந்தார், ஜெர்மன் இசைமேதை பாக்கின் இசை கேட்டு மீண்டார். பிழைத்து வந்து அதே ஐசியூவில் மற்றவர்களுக்கு வாசித்தார்.

நைட்_டூட்டி: அவர் மனைவி கேட்க வைத்தது ஐபாடில். மறுபடியும் பதிவு! நீங்கள் காட்டுகிற ஆதாரமெல்லாம் என் பக்கம்தான் பேசுகிறது.

மதுரை_மல்லி: அக்கா, நான் பச்சிளம் குழந்தைகள் ஐசியூவில் இருக்கிறேன். 2013லேயே ஜோஆன் லோவி குழு 11 ஆஸ்பத்திரிகளில் 272 குறைமாதக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு முழுக்க நேரடி இசைதான். பெற்றோருக்குப் பிடித்த தாலாட்டைப் பாடுவார்கள், கர்ப்பப்பைச் சத்தம் மாதிரி கேட்கும் கருவியையும் இசை சிகிச்சையாளர் வாசிப்பார். குழந்தையின் இதயத்துடிப்பு நிதானமானது என்று பதிவாகியிருக்கிறது. என் வார்டிலும் பார்க்கிறேன். ஒரு அம்மா கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைகிற மாதிரி பாடுவார். தொண்ணூறைத் தொட்டுத் தொட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஆக்சிஜன் சாச்சுரேஷன் ஒரே இடத்தில் நிற்கும். அந்த வேளையில் குதிகாலில் ரத்தம் எடுக்க எனக்கே மனசு வராது.

நைட்_டூட்டி: மல்லி, உன் வேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒரு அம்மா ஒரு குழந்தைக்கு முணுமுணுப்பதும் திறந்த ஹாலில் வயலின் வாசிப்பதும் ஒன்றா? உன் இன்குபேட்டர் பக்கத்தில் அலாரம் அடித்தால் உனக்குக் கேட்கும். எனக்குக் கேட்கவில்லை.

பயோமெட்_பாண்டி: இங்கே யாரும் தொடாத விஷயம் ஒன்று. மருத்துவக் கருவிகளின் அலாரத்துக்கான ஐஇசி என்ற சர்வதேசத் தரவிதி, அடிப்படை ஒலியின் அதிர்வெண் 150 முதல் 1000 ஹெர்ட்ஸுக்குள் இருக்கச் சொல்கிறது. வயலினின் அடித்தந்தி 196ல் தொடங்குகிறது. மனிதக் குரலும் பெரும்பகுதி இதே எல்லைக்குள்தான். ஒன்றை ஒன்று மூடுவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சிஸ்டர், பம்ப் அலாரத்தின் சத்தத்தைக் குறைத்து வைத்தது யார்? நாங்கள் கருவிகளைச் சர்வீஸ் செய்ய வரும்போது பாதி பம்ப் சத்தம் குறைந்த கடைசிப் புள்ளியில் இருக்கிறது.

நைட்_டூட்டி: வந்துவிட்டார். பேட்டரி மாற்றச் சொல்லி ரிஜிஸ்டரில் எழுதி எழுதிக் கை ஓய்ந்த கதையை முதலில் பேசலாமா பாண்டி? குறைத்து வைக்கிறோம், ஏன் தெரியுமா? நோயாளிகள் இருக்கும் வார்டு அறைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது 30 டெசிபெல். பெரும்பாலான ஐசியூக்களில் அளந்தால் 50க்கு மேல்தான் இருக்கிறது. தூங்க முடியாமல் டெலிரியம் என்கிற மனக்குழப்பத்தில் குழாயைப் பிடுங்குகிற நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள் இல்லை.

பயோமெட்_பாண்டி: பேட்டரி விஷயத்தை முன்பே வேறொரு இழையில் பேசி முடித்தாயிற்று. கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

கச்சேரிப்பிரியன்: 50 டெசிபெல் சத்தம் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் வயலின் மட்டும் குற்றவாளியா? உங்கள் தொழிலின் தாயான நைட்டிங்கேல் 1859லேயே, குரலும் காற்றுக் கருவிகளும் இழுத்து வாசிக்கும் தந்திக் கருவிகளும் நோயாளிக்கு நல்லது என்று எழுதியிருக்கிறார். வயலின் அதில் சேர்த்தி.

நைட்_டூட்டி: அதே புத்தகத்தில் தேவையில்லாத சத்தத்தை மிகக் கொடூரமான அக்கறையின்மை என்றும் எழுதியிருக்கிறார். உங்களுக்கு வேண்டிய பக்கம் மட்டும் கண்ணில் படுகிறது. அவர் காலத்தில் இன்ஃப்யூஷன் பம்ப் இல்லை, அலாரமும் இல்லை.

வீணை_வித்யா: பியானோ மாதிரி ஒலி விட்டுவிட்டு வருகிற கருவிகள் நோயாளிக்கு ஆகாது என்றும் நைட்டிங்கேல் எழுதியிருக்கிறார். அப்போது வீணையும் ஆகாதா? வீணையில் ஒரே மீட்டில் ஸ்வரத்தை இழைக்கும் கமகம் தெரியாத ஒருவர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு வராதீர்கள்.

கச்சேரிப்பிரியன்: நான் வீணையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை அம்மா.

வீணை_வித்யா: வயலின் சேர்த்தி என்றால் வேறு என்ன அர்த்தம்? மார்கழிக் கச்சேரிப் பட்டியல் பற்றிய இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

மதுரை_மல்லி: அக்கா, ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு வயலின் கேட்ட நோயாளிகள் எப்படி இருந்தார்கள்?

நைட்_டூட்டி: டிரக்கியாஸ்டமி போட்டிருந்த, அதாவது கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய் வைத்திருந்த, ஒரு பெரியவர் விரலால் கட்டில் கம்பியில் தாளம் போட்டார். அதுவரை எங்களோடு எதற்கும் ஒத்துழைக்காதவர். நான் மறுக்கவில்லை. அவர் மகளும் அழுதாள். ஆனால் கோடி பெட்டுக்காரருக்கும் ஒரு மகள் இருந்தாள்.

கச்சேரிப்பிரியன்: தாளம் போட்டாரா! இதைத்தானே நேற்றிலிருந்து சொல்கிறேன்.

நைட்_டூட்டி: நேற்றிலிருந்து நான் கேட்பது அலாரம். வாசிக்கிறவர் பக்கத்தில் ஒரு நர்ஸ் நின்று, அலாரம் அடித்தால் கை காட்டி நிறுத்த வேண்டும். அந்த நர்ஸை எந்த பெட்டிலிருந்து எடுப்பீர்கள்? வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒருவர் என்ற கணக்கே எங்களுக்குக் காகிதத்தில்தான் இருக்கிறது.

பயோமெட்_பாண்டி: எல்லா பெட்டையும் ஒரே இடத்தில் காட்டும் சென்ட்ரல் மானிட்டரில் விளக்கு எரியுமே, அதைப் பார்த்திருக்கலாம்.

நைட்_டூட்டி: பம்ப் சென்ட்ரல் மானிட்டரில் இணைந்திருந்தால்தானே எரியும்? இணைத்துக் கொடுங்கள் என்று கேட்டது யாரிடம் பாண்டி?